சூடான கடலில் பச்சை ஏன் குறைகிறது?

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயம். கோடையில் குளத்தில் பாசி மண்டுவதுபோல, கடல் சூடானால் அங்கேயும் நுண்பாசி பெருகத்தானே வேண்டும் என்கிறாய். வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. அங்கே வெயில் மேலே, பாசிக்குச் சத்தான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆழத்தில். மேல்நீர் சூடாகி லேசாகிவிட்டால், கீழேயுள்ள கனத்த குளிர்நீரோடு எளிதில் கலக்காது. சத்து மேலே வராமல் பாசி பட்டினி கிடக்கும். சூடு நேராக அதைக் கொல்வதில்லை.

நம் குளச்சல் பக்கத்தையே எடுத்துக்கொள். ஏப்ரல், மே மாதங்களில் கடல்மேல் வெப்பம் 29, 30 டிகிரி. தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கியதும் அடிநீர் ஏறி வருகிறது. வெப்பம் 26 டிகிரிக்கு அருகில் இறங்குகிறது. அதே கடலில் பாசியும் அதன் பச்சை நிறமியான பச்சையமும் கூடுகின்றன, அந்தப் பாசியைத் தின்று சாளை மீன் கொழுக்கிறது. தண்ணீர் குளிர்ந்தால் மீன் வரும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்குச் செயற்கைக்கோளுக்கு முன்பே தெரியும். அந்த மாதங்களில் மேகம் மறைப்பதால் செயற்கைக்கோளுக்குத்தான் பாதிநாள் கண் தெரியாது!

பச்சையம் நீல ஒளியை உறிஞ்சும். கடலிலிருந்து செயற்கைக்கோளுக்குத் திரும்பி வரும் நீலத்தையும் பச்சையையும் ஒப்பிட்டே பச்சையத்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் மீனவர்களுக்கு மீன்பிடி இடம் சொல்வதும் வெப்பம், பச்சையம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான். 2022 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளில் இரண்டுக்கும் கருவி வைத்தார்கள்.

இதைப் பெரிய அளவில் காட்டியது பசிபிக். 1997-ல் கடல் நிறத்தைப் பார்க்கும் சீவிஃப்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி படமெடுக்கத் தொடங்கியபோது, பசிபிக் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நிலநடுக்கோட்டுப் பகுதி சூடாக, வெளிறிக் கிடந்தது. 1998 நடுவில் சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தது, அங்கே பச்சை பரவியது.

ஆனால் வெப்பப் படத்தை மட்டும் வைத்துப் பாசியை எடைபோடுவது எனக்குச் சம்மதமில்லை. வட அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் சத்துக்குக் குறைவில்லை, வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம். வசந்தத்தில் மேல்நீர் சற்றுச் சூடாகும்போதுதான் பாசி பொங்கும். இன்னொரு சிக்கல்: வெளிச்சம் அதிகமானால் ஒவ்வொரு செல்லும் தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் வெளிறியது என்பதாலேயே பாசி அந்த அளவுக்குச் செத்தது என்று சொல்ல முடியாது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று 2016-ல் காலநிலை விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல் குழு எழுதியது. அதில் பழைய ஆண்டுகளுக்குக் கணினி மாதிரிக் கணக்குகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஆனாலும் போக்கு கவலைப்பட வைக்கிறது.

அப்புறம், தங்கச்சியின் கண் ஆபரேஷன் முடிந்ததா? ஆகஸ்டில் இருவரும் வாருங்கள். சாளை நன்றாக இருக்கும்.

அன்புடன்,
செல்வம்