குதிரைப் படம் போட்ட தாது உப்புக் கட்டி: நிறுவனத்துக்கு என் புகார்

அனுப்புநர்:
குதிரை வளர்ப்பவர், ஏர்வாடி அருகே, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் தாது உப்புக் கட்டியின் பையில் உள்ள தவறான வாசகம் பற்றி.

ஐயா,

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவன் நான். அப்பா காலத்திலிருந்தே இதுதான் எங்கள் பிழைப்பு. இந்தப் பங்குனியில், கால்நடைகள் நக்குவதற்கான உங்கள் 3 கிலோ கட்டி இரண்டு வாங்கினேன். பையில் மாட்டுக்குப் பக்கத்தில் குதிரைப் படம். அதன் கீழே, ‘இது ஒன்றே போதும், வேறு உப்பு தேவையில்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி, அதுவரை கொள்ளில் கலந்துகொடுத்த உப்பை நிறுத்திவிட்டேன்.

சித்திரை வெயிலில் என் செவலைப் பெட்டை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டது. வாளியில் வாயை வைக்கும், உடனே எடுத்துவிடும். லத்தி காய்ந்து கல் மாதிரி விழுந்தது. லாயத்துச் சுவரின் காரையை நக்கிக்கொண்டே நின்றது. வலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் என் மச்சான் வந்த அன்று, அவர் முழங்கையையும் கைலியையும் விடாமல் நக்கியது. “மச்சான், இது உப்புக்கு ஏங்குது” என்றார் அவர். அதற்கு இரண்டாம் நாள் இரவு வயிறு கட்டிக்கொண்டது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுப்பதும், எழுவதுமாக விடியும்வரை துடித்தது. கால்நடை மருத்துவர் வந்துதான் பிழைக்க வைத்தார்.

உப்பு குறைந்தால் குதிரைக்குத் தாகம் எடுக்காது, தண்ணீர் குடிக்காமல் குடல் வறண்டு அடைத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். பிறகு உங்கள் பைக்குள் இருந்த சீட்டை வைத்துக் கணக்குப் போட்டோம். சோடியம் 5 சதவீதம், ஒரு கட்டி 60 நாளைக்கு என்று அதில் இருக்கிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு 50 கிராம் கட்டி, அதில் சோடியம் இரண்டரை கிராம்தான். வேலையில்லாமல் நிழலில் நிற்கும் 300 கிலோ குதிரைக்கே தினம் 6 கிராம் சோடியம் வேண்டும், அதாவது சுமார் 15 கிராம் உப்பு. வேர்த்தால் ஒரு லிட்டர் வேர்வையோடு ஏறக்குறைய 3 கிராம் சோடியம் போய்விடும். உங்கள் கட்டியின் ஒரு நாள் பங்கு, ஒரு லிட்டர் வேர்வைக்குக்கூடக் காணாது. அதுவும் முழுசாக நக்கினால்தான். மாட்டு நாக்கு சொரசொரப்பு, கட்டியைச் சுரண்டி எடுத்துவிடும். குதிரை நாக்கு வழுவழுப்பு. நம் கடற்கரை ஈரக்காற்றில் கட்டி பாதி கசிந்து தரையில்தான் ஓடியது.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, “கடற்கரை ஊர்தானே, தண்ணியே உப்பா இருக்குமே” என்றார்கள். எங்கள் போர் தண்ணீர் உவர்தான், அதனால்தான் குதிரை அதை முகர்ந்துகூடப் பார்க்காது. ஊருணித் தண்ணீரும் காவிரிக் குடிநீரும்தான் சுமந்து வைக்கிறோம். அதில் உப்பு எங்கே இருக்கிறது?

மருத்துவர் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை இன்னும் நடுங்க வைக்கிறது. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து, குதிரையின் இதயத் தசையைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடுமாம். உங்கள் கட்டியில் அது இருக்கிறதா, இல்லையா? சீட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இரண்டு கட்டிக்கான பணத்தையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், பையிலிருந்து குதிரைப் படத்தையும் அந்த வாசகத்தையும் எடுங்கள். சேர்மானம் முழுவதையும் தமிழில் அச்சடியுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

செவலை இப்போது கொள்ளோடு உப்பளத்து உப்பைத் தின்று, வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறது. பில், பை, பாதி கரைந்த கட்டி மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எப்போது வந்தாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்