நந்தம்பாக்கம் பயணம்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடம் இந்த வாரம் முடிகிறது. அதையொட்டி வரும் சனிக்கிழமை பிள்ளைகளை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறோம். ஏன் என்று முதலில் சொல்கிறேன். ஹிட்லர், பேர்ல் துறைமுகம், ஹிரோஷிமா என்று பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். "அப்போது மெட்ராஸில் என்ன நடந்தது?" என்று கேட்டால்தான் யாருக்கும் பதில் வரவில்லை. பரீட்சைக்கு அது வராது, சரி. ஆனால் இந்த ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, மார்ச்சில் பர்மாவின் (இன்றைய மியான்மர்) தலைநகரான ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது நாம்தான் என்று மெட்ராஸ் நம்பியதில் வியப்பில்லை. முக்கியமான வேலை இல்லாதவர்கள் வெளியேறிவிடுங்கள் என்று அரசே சொல்லிவிட்டது. ரயிலில் கால் வைக்க இடமில்லை. பாத்திரம் பண்டத்தோடு, கைக்குழந்தைகளோடு ஜனங்கள் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்று சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாவற்றையும் போலீஸை வைத்துச் சுட்டார்கள். கடைசியில் ஜப்பான் படை வந்து இறங்கவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

ஆனால் போர் சமையலறைக்குள் வந்துவிட்டது. பர்மா அரிசி நின்றதால் விலை ஏறியது, அப்புறம் ரேஷன் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்கை மூடி வைத்து, விமானம் வருகிறது என்று சங்கு ஊதினால் பதுங்கு குழிக்கு ஓடிய குடும்பங்கள் இந்த ஊரில்தான் இருந்தன.

கடல் தாண்டிப் போயிருந்த நம்மவர்கள் பட்டது இதைவிடக் கொடுமை. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஆயிரமாயிரம் பேர். மலாயா (இன்றைய மலேசியா) ரப்பர் தோட்டங்களிலிருந்து, ஜப்பான் படை போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் வீடு திரும்பவில்லை. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. வகுப்பில் இதை ஒரு முழு பீரியட் பேசச் சொல்லியிருக்கிறேன்.

கல்லறை உள்ளவர்களைப் பார்க்கத்தான் வரும் சனிக்கிழமை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். 850க்கும் மேற்பட்ட போர்வீரர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதியில் போர் எங்கே நடந்துகொண்டிருந்தது என்று வரைபடத்தில் தேடுவது திங்கட்கிழமை வேலை. இந்திய ராணுவத்தில் அன்று சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள், 87,000 பேர் இறந்தார்கள் என்ற கணக்கு புத்தகத்தில் இருந்தால் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். ஒரு பெயரையும் வயதையும் கையால் எழுதினால் அது வேறு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1942இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. வீட்டிலோ உறவிலோ அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். "எவாக்குவேஷன் சமயம்" (ஊரைக் காலி செய்துவிட்டுப் போன அந்த நாட்கள்) என்று ஆரம்பித்தால் அவர்களே பேசுவார்கள். தேதி தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்த வேண்டாம், அதை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம். பர்மா, மலாயா பற்றி வீட்டில் பேச விரும்பாதவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம், அதற்காகப் பிள்ளைக்கு மதிப்பெண் குறையாது.

பழைய ரேஷன் கார்டு, கடிதம், பாஸ்போர்ட் ஏதாவது இருந்தால் அசலைக் கொடுத்தனுப்பாதீர்கள். போனில் படம் எடுத்து வகுப்பாசிரியருக்கு அனுப்பினால் போதும். இத்துடன் உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். சனிக்கிழமை தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்