மும்பைக்கு அரை வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கர்நாடக சங்கீதப் பாடகி அருணா சாயிராம் பற்றிய கட்டுரை படித்தேன். 2011-ல் லண்டன் ப்ராம்ஸ் இசை விழாவில் பாடியது, 2018-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றது எல்லாம் விரிவாக இருக்கிறது. ‘மும்பையில் பிறந்தவர்’ என்று நம்மூருக்கு மட்டும் அரை வரி! மாட்டுங்காவில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவருடைய சங்கீதத்தின் கனமான பகுதி இந்த ஊரில் உருவானது. வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா இங்கே வந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கிச் சொல்லிக்கொடுத்தார். பிருந்தா என்றாலே க்ஷேத்ரக்ஞர் இயற்றிய பதங்கள், அதாவது தெலுங்குக் காதல் பாட்டுகள்தான் நினைவுக்கு வரும். பதம் சௌக்க காலத்தில், ரொம்ப நிதானமாக நகரும். ஒரு வார்த்தை முடிவதற்குள் தாளம் ஒரு சுற்று போய்விடும். அந்தக் குடும்பத்துப் பாணியில் பெரும்பாலும் பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் எடுத்து, அப்புறம்தான் முதல் பகுதியான பல்லவிக்கு வருவார்கள். ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் அந்த கமகங்களில் பாதிகூட ஸ்வரக் குறிப்பில் அடங்காது. குருவுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சட்டென்று கைதட்டல் வாங்கித்தரும் சரக்கும் இல்லை. இப்படிப் பழகிய குரல்தான் பின்னாளில் அபங்கம் என்ற மராத்தி பக்திப் பாட்டைப் பாடி அத்தனை பெரிய கூட்டங்களைக் கட்டிப்போட்டது. அந்த அபங்கமும் இந்த மண்ணின் சொத்துதானே.

பாம்பே சகோதரிகள் கதையும் ஏறக்குறைய இதேதான். சரோஜாவும் லலிதாவும் இங்கே எச்.ஏ.எஸ். மணியிடம் பாட்டு படித்தார்கள். பிறகு சென்னை போய் முசிரி சுப்பிரமணிய ஐயரிடம் தேறினார்கள். பெயரில் ஊர் ஒட்டிக்கொண்டது, வாழ்க்கை மயிலாப்பூர்ப் பக்கம் போய்விட்டது. சென்னைக்குப் போனால்தான் பாடகி என்ற நிலை அன்று இருந்தது. இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

என் தங்கை பெண் பாடுகிறாள். போன சீசனில் இங்கே ஒரு சபாவில் (பெயர் வேண்டாம்) ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அன்று மெகா பிளாக், பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களைக் குறைத்துவிட்ட நாள். டோம்பிவிலியிலிருந்து வரவேண்டிய மிருதங்கக்காரர் லக்கேஜ் டப்பாவில் வாத்தியத்தோடு நசுங்கி வந்து சேர்ந்தார். இவள் தோடி ராகத்தை எடுத்தால் பக்கத்தில் மைக் சரிபார்ப்பு. ரசிகர்கள் கேண்டீனில் போண்டாவோடு. பதம் ஒன்று பாட நினைத்திருந்தாள். செயலாளர் மேடை ஓரத்தில் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டியதால் மங்களம் பாடி எழுந்தாள். சன்மானம் ஒரு சால்வையும் தேங்காயும். பக்கவாத்தியக்காரர்களுக்கு அவளே கவர் கொடுத்து அனுப்பினாள். விமானத்தில் வந்த சென்னை வித்வானுக்கு ஏழு மணியிலிருந்து இரண்டரை மணி நேரம்!

அந்த வித்வானைக் குறை சொல்லவில்லை, அவர் பிரமாதமாகவே பாடினார். மாதம் ஒரு நாளாவது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முழுக் கச்சேரி கொடுங்கள், பக்கவாத்தியச் செலவைச் சபாவே ஏற்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அந்தக் கச்சேரிக்கும் டிக்கெட் போடுங்கள். இலவசம் என்றால் நம்மவர்கள் மதிக்க மாட்டார்கள்.

உங்கள் விமர்சகரும் ஒருநாள் ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்து எழுதட்டும். ஏழு மணிக் கச்சேரிக்கு விமர்சனம் எழுதச் சென்னையில் ஆளுக்கா பஞ்சம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை