சங்காரத் தூதனைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கு

அன்பான போதகர்களுக்கும் சுவிசேஷகர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற மாதம் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் காலை, எங்கள் வீட்டு வாசல் நிலைக்கால்கள் இரண்டிலும் சிவப்புக் கிரையான் கோடுகள் இருந்தன. என் எட்டு வயது மகளின் கை எட்டிய உயரம்வரை இருந்தன. மேற்சட்டம் எட்டவில்லை என்று நின்று அழுதுகொண்டிருந்தாள். எகிப்தில் தலைப்பிள்ளைகள் செத்த இரவில், இஸ்ரவேலர் ஆட்டு இரத்தத்தை வாசல் நிலையில் பூசித் தப்பிய கதையைக் கூட்டத்தில் கேட்டிருந்தாள். அங்கேயும் பூசாவிட்டால் சங்காரத் தூதன் உள்ளே வந்துவிடுவானாம். ஞானஸ்நானம் பெறாமல் போன வருடம் இறந்த தாத்தாவை நரகத்துக்கு இழுத்துப் போனதும் அவன்தானாம். மேடையில் கேட்டதைத்தான் பிள்ளை சொன்னாள்.

நானும் இருபது வருடமாக ஓய்வுநாள் பாடசாலையில் கற்றுக்கொடுப்பவள். நியாயத்தீர்ப்பை நான் மறுக்கவில்லை. வேதத்தில் இல்லாததை வேதம் என்று சொல்லிக் குழந்தைகளை நடுங்கவைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

யாத்திராகமம் 12:23-ல் வருகிறவன் ‘சங்காரக்காரன்’. தூதன் என்ற சொல்லே அந்த அதிகாரத்தில் இல்லை. அன்றிரவு எகிப்தைக் கடந்துபோகிறவர் தாமே என்று 12-ஆம் வசனத்தில் கர்த்தர் சொல்கிறார். அந்த இரவை நினைவுகூரும் பஸ்கா இராப்போஜனத்தில் யூதர்கள் வாசிக்கும் ஹகாதாவும் ‘தூதன் மூலமாக அல்ல, சேராபீன் மூலமாக அல்ல’ என்று அழுத்திச் சொல்கிறது. சங்காரக்காரனுக்குத் தனி அதிகாரம் கிடையாது. ‘வரவொட்டாமல்’ கர்த்தர் தடுத்தால் வாசலோடு நின்றுவிடுகிறவன் அவன். இறந்தவர்களைப் பாதாளத்துக்கு இழுத்துப்போகும் வேலை அவனுக்கு அங்கே எங்கும் கொடுக்கப்படவில்லை. அந்த வேலை நம் ஊர் எமகிங்கரருடையது. கதைகளில் கேட்ட பாசக்கயிற்றை நாம்தான் தூதன் கையில் கொடுத்துவிட்டோம்.

2 சாமுவேல் 24-ஐ நீங்கள் அடிக்கடி பிரசங்கிக்கிறீர்கள். தாவீது ஜனங்களைத் தொகையிட்டதால் வந்த கொள்ளைநோயில் எழுபதினாயிரம் பேர் செத்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். அடுத்த வசனத்தில்தான் தூதன் எருசலேமின்மேல் கையை நீட்டுகிறான். கர்த்தர் மனஸ்தாபப்பட்டு, ‘போதும், இப்போது உன் கையை நிறுத்து’ என்கிறார். அவன் நின்ற இடம் எபூசியனாகிய அர்வனாவின் போரடிக்கிற களம். பிற்பாடு சாலொமோன் தேவாலயத்தைக் கட்டியதும் அதே களத்தில்தான் என்று 2 நாளாகமம் 3:1 சொல்கிறது. சங்காரம் நின்ற இடம் ஜெபத்தின் இடமாயிற்று. இதை ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை.

சங்காரக்காரனின் பயங்கரத்தை யூத ரபிமார் குறைத்துச் சொன்னவர்கள் அல்லர். அவனுக்கு அனுமதி கொடுத்தபின் நீதிமான், துன்மார்க்கன் என்று அவன் பிரித்துப் பார்ப்பதில்லை என்று அவர்களுடைய போதனைத் தொகுப்பான தல்மூது சொல்கிறது. அப்படியானால், கொள்ளைநோயில் செத்தவனைப் பாவி என்று முத்திரை குத்த நமக்கு என்ன உரிமை?

இனி பாதாளம். எபிரெயத்தில் இதற்குரிய சொல்லான ஷியோல் என்பது நல்லவரும் கெட்டவரும் இறங்கும் இடம். யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, மகனிடம் பாதாளத்தில் இறங்குவேன் என்று அழுதார். யோபுவோ ‘நீர் என்னைப் பாதாளத்தில் ஒளித்து’ வையும் என்று கெஞ்சினார். எரிகிற சூளைக்குள் ஒளித்துவைக்கும்படி யார் கேட்பார்? ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பு சங்கீதம் 9:17-ல் அதே ஷியோலை ‘நரகம்’ என்று எழுதிவிட்டது. உங்கள் பிரசங்கங்கள் அந்த ஒரு வசனத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

இயேசு எச்சரித்த நரகத்தின் பெயர் கெஹென்னா. எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளையே அங்கே தீயில் தகனித்தார்கள். அது தம் மனதில் தோன்றவுமில்லை என்று எரேமியா 7:31-ல் கர்த்தர் சொல்கிறார். பிள்ளைகளுக்குச் செய்த கொடுமையால் சபிக்கப்பட்ட பெயர் அது. அதைக் கொண்டே பிள்ளைகளை மிரட்டுகிறோமே என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. 1979-ல் அதே பள்ளத்தாக்கின் மேட்டிலுள்ள கல்லறைக் குகையில் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்’ என்ற வார்த்தைகள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று கையில் இருக்கும் வேத வார்த்தைகளிலேயே மிகப் பழைமையானவை அவை.

பாதாளமும் நரகமும் ஒன்றே என்றால், வெளிப்படுத்தல் 20:14-ல் பாதாளமே அக்கினிக்கடலில் தள்ளப்படுவது எப்படி? பாதாளத்தின் தூதனான அபெத்தோனும் (வெளி. 9:11) நரகத்தின் காவலாளி அல்லன். அவனுடைய வெட்டுக்கிளிகள் ஐந்து மாதம் வேதனைப்படுத்துவது உயிரோடிருப்பவர்களை.

யூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கெஹென்னாவில் துன்மார்க்கருக்கு நியாயத்தீர்ப்பு பன்னிரண்டு மாதம் என்று தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா சொல்கிறது. ஆனால் பெற்றோரை இழந்த பிள்ளை, இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்தைச் சொல்வது பதினொரு மாதம்தான். பன்னிரண்டு மாதமும் சொன்னால் தன் தகப்பனைத் துன்மார்க்கன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். இறந்தவரின் மானத்தைக் காக்க ஒரு மாதத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். நாமோ முன்பின் தெரியாத ஒரு தாத்தாவை மைக்கில் நரகத்துக்கு அனுப்புகிறோம்.

அன்று காலை மகளைத் தூக்கிப் பிடித்தேன்; மேற்சட்டத்திலும் பூசினாள். பிறகு மடியில் வைத்து 139-ஆம் சங்கீதத்தை வாசித்தேன்: ‘நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்.’ அப்படியென்றால் தாத்தாவோடும் இருப்பாரா என்று கேட்டாள். இருப்பார் என்றேன்.

அடுத்த கன்வென்ஷனுக்கும் அவளை அழைத்துவருவேன். மேடைக்கு நேர் முன்னால், பிள்ளைகளுக்கு விரித்த பாயில் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை