துணை அதிபர் வேட்பாளரை எதை வைத்து எடைபோடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் யார் யார் துணை அதிபர் வேட்பாளர் ஆகலாம் என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே சொந்த மாகாணம், வயது, இனம், எந்தத் தரப்பு ஓட்டைக் கொண்டுவருவார் என்ற குறிப்பு. உழைத்துச் செய்த பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிபருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுநாள் காலையில் இந்த மனிதர் நாட்டை நடத்துவாரா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டு வழக்கத்தை மனதில் வைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியாது. 1969 மே மாதம் ஜாகிர் உசேன் காலமானபோது, துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி தற்காலிகமாகத்தான் பொறுப்பேற்றார். அந்த ஆகஸ்டிலேயே புதிதாகத் தேர்தல் நடந்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அதிபர் இறந்தாலோ விலகினாலோ, மிச்சமிருக்கும் காலம் முழுக்கத் துணை அதிபர்தான் அதிபர். இடையில் மக்களிடம் போக வேண்டியதில்லை. இதுவரை அதிபர் பதவியில் இருந்த 45 பேரில் 9 பேர் இந்த வழியாக வந்தவர்கள். அதாவது ஐந்தில் ஒருவர். இத்தனை பேர் நுழைந்த வாசலை ஓட்டுக் கணக்குக்கான மூலையாக மட்டும் பார்ப்பது சரியா?

லிங்கனின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1864-ல் மறுபடியும் போட்டியிட்டபோது, துணை அதிபராக இருந்த ஹானிபல் ஹாம்லினைக் கட்சி கைவிட்டது. ஹாம்லின் அடிமைமுறையை உறுதியாக எதிர்த்தவர். ஆனால் மெய்ன் மாகாணத்துக்காரர். எப்படியும் கிடைக்கப்போகிற ஓட்டுக்கு அவர் எதற்கு என்ற எண்ணம். அவருக்குப் பதிலாக டென்னசியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்சனை நிறுத்தினார்கள். தெற்கத்திக்காரர், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனாலும் உள்நாட்டுப் போரில் லிங்கன் தரப்பான ஒன்றியத்தின் பக்கம் நின்றவர். தேர்தல் கணக்குப்படி அருமையான தேர்வு. 1865 மார்ச் 4-ல் பதவியேற்றார்கள். ஏப்ரல் 15-ல் லிங்கன் இறந்துபோனார். விடுதலையான நாற்பது லட்சம் கறுப்பின மக்களின் வாழ்வு எப்படி அமையப்போகிறது என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் ஜான்சன் வந்து உட்கார்ந்தார். அவர்களுக்குக் குடியுரிமை தந்த 1866-ஆம் ஆண்டு சட்டத்தை அவர் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. 1868-ல் அவர்மீது பதவிநீக்க விசாரணை நடந்து, செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார். ஹாம்லின் அந்த இடத்தில் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மக்கள் இழந்த ஆண்டுகளை நினைக்கும்போது, ஒரு கட்சி மாநாட்டில் போட்ட ஓட்டுக் கணக்கு இவ்வளவு தூரம் பாயுமா என்று மனம் பதறுகிறது.

ரூஸ்வெல்ட்டின் காலத்தில் நிலைமை இன்னும் வெளிப்படையாகவே இருந்தது. 1944-ல் அவர் உடல்நிலை மோசம் என்பது கட்சியின் பெரிய தலைகளுக்குத் தெரியும். இப்போது நிறுத்துகிற ஆள்தான் அநேகமாக அடுத்த அதிபர் என்று தெரிந்துதான் துணை அதிபராக இருந்த ஹென்றி வாலஸை ஒதுக்கி ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். சரி, தேர்ந்தெடுத்தாயிற்று. அப்புறம் அவரைத் தயார்ப்படுத்தினார்களா என்றால், இல்லை. 82 நாள் துணை அதிபராக இருந்த ட்ரூமனிடம் அணுகுண்டுத் திட்டத்தின் விவரத்தை யாரும் சொல்லவில்லை. 1945 ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் இறந்த அன்று, பதவியேற்ற பிறகுதான் போர்த்துறைச் செயலாளர் ஸ்டிம்சன் மேலோட்டமாக ஒரு வார்த்தை சொன்னார். முழு விவரம் கைக்கு வந்தது ஏப்ரல் 25-ல். ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா.

இனி உங்கள் கட்டுரை பெரிதாக நம்புகிற மாகாணக் கணக்குக்கு வருகிறேன். எல்லோரும் காட்டும் உதாரணம் 1960. டெக்சஸ்காரரான லிண்டன் ஜான்சன் கூட இருந்ததால் கென்னடி டெக்சஸை வென்றார் என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு? 1988-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் அதே டெக்சஸுக்காக லாயிட் பென்ட்சனை நிறுத்தினார், டெக்சஸ் எதிர்த்து நின்ற மூத்த புஷ்ஷுக்குப் போனது. 2004-ல் ஜான் கெர்ரி வட கரோலினாவின் ஜான் எட்வர்ட்ஸைச் சேர்த்துக்கொண்டார், வட கரோலினாவில் தோற்றார். 2012-ல் ராம்னிக்கு பால் ரயன் விஸ்கான்சினை வாங்கித் தரவில்லை. மாறாக, 2000-ல் மகன் ஜார்ஜ் புஷ் தேர்ந்தெடுத்த டிக் செனியின் வயோமிங்குக்கு இருந்தது 3 தேர்வாளர் ஓட்டு (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒதுக்கப்படும் ஓட்டு). அதுவும் பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சிக்கே போகிற மாகாணம். ஆனாலும் புஷ் ஜெயித்தார்.

2024-ல் கமலா ஹாரிஸ் பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷப்பீரோவை விட்டுவிட்டு மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைத் தேர்ந்தெடுத்ததுதான் தோல்விக்குக் காரணம் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. கூட்டிப் பார்ப்போமே. ஹாரிஸுக்குக் கிடைத்த தேர்வாளர் ஓட்டு 226. பென்சில்வேனியாவின் 19-ஐயும் சேர்த்தால் 245. வெற்றிக்குத் தேவை 270. ஊசலாடும் ஏழு மாகாணங்களிலும் ட்ரம்ப் ஜெயித்த தேர்தல் அது. ஷப்பீரோ நல்ல தேர்வா இல்லையா என்பது வேறு விவாதம், அதை அவருடைய நிர்வாகத் திறமையை வைத்துப் பேசலாம்.

அந்த ஆண்டு என்னை அதிகம் வருத்தியது வேறு விஷயம். ஜூலை 13-ல் பட்லர் நகரக் கூட்டத்தில் ட்ரம்ப்பின் காதை உரசிக்கொண்டு குண்டு போனது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 15-ல், ஜே.டி. வான்ஸை அறிவித்தார். 78 வயதான ஒருவர், நூலிழையில் உயிர் தப்பியவர், தனக்கு அடுத்த ஆளாகச் செனட்டில் இரண்டு ஆண்டுகூட முடிக்காத ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். தகுதியானவரா என்று அலசுவதற்கு இதைவிடச் சரியான நேரம் வருமா? அப்போதும் நான் படித்ததில் பெரும்பகுதி, மத்திய மேற்கு மாகாணத் தொழிலாளர் ஓட்டை அவர் ஈர்ப்பாரா என்பதுதான். ஆறு நாளில் பைடன் போட்டியிலிருந்து விலகினார். உடனே அந்த இடத்துக்கு வந்தவர், 2020 ஆகஸ்டில் அவர் துணைக்குத் தேர்ந்தெடுத்த கமலா. பதவி காலியாகாமலே, துணையாக இருந்தவர் அதிபர் வேட்பாளராகிவிட்டார். எங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரத்தில் அவர் தாய்வழித் தாத்தாவின் ஊர்க்கோயிலில் பூஜை நடந்ததையெல்லாம் நம் பத்திரிகைகள் விரிவாக எழுதின, அது இயல்பான பாசம். ஆனால் நான்கு ஆண்டுகளில் அவருக்குத் தரப்பட்ட பொறுப்புகள் என்ன, அவற்றை எப்படிச் செய்தார் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு.

எதைப் பார்த்து எடைபோடுவது என்று நீங்கள் கேட்கலாம். தேர்வு நடந்த விதமே நிறையச் சொல்லிவிடும். 1972-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் கட்சி மாநாட்டின் கடைசி நேர அவசரத்தில் தாமஸ் ஈகிள்டனைப் பிடித்தார். அவர் மன அழுத்தத்துக்காக மருத்துவமனையில் மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்பது பிறகு வெளியே வந்தது. 18 நாளில் விலக நேர்ந்தது. நோய் ஒருவருடைய குற்றம் இல்லை. நிதானமாக உட்கார்ந்து கேட்காமல் விட்டதுதான் குற்றம், அந்த அவமானத்தையும் ஈகிள்டனே சுமக்க வேண்டியதாயிற்று. 2008-ல் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரான 72 வயது மெக்கெய்ன், ஆளுநராக இரண்டு ஆண்டு நிறையாத சாரா பேலினை அறிவித்ததும் அதே அவசரம்தான்.

1976-ல் ஜிம்மி கார்ட்டர் செய்தது எனக்குப் பிடித்த முறை. பெயர்களைக் குறித்துக்கொண்டு, சிலரை ஜார்ஜியாவில் பிளெயின்ஸ் என்ற தன் சிற்றூருக்கே வரவழைத்து மணிக்கணக்கில் பேசினார். வால்டர் மாண்டேல் தேர்வானார். மாண்டேலும் சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை. எனக்கு என்ன வேலை, எந்தத் தகவல்கள் என் பார்வைக்கு வரும் என்று பேசி முடிவு செய்துகொண்டார். வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில் அதிபருக்கு அருகிலேயே அலுவலகம், அதிபர் பார்க்கும் ரகசிய ஆவணங்கள் அவருக்கும், வாரா வாரம் இருவரும் தனியாக மதிய உணவு. ட்ரூமனுக்கு நேர்ந்தது அவருக்கு நேர்ந்திருக்காது. 1980-ல் இருவரும் தோற்றார்கள், ஆனால் பின்னால் வந்தவர்களும் அந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றினார்கள்.

பார்க்க வேண்டிய இன்னொன்று, துணை அதிபர் வேட்பாளர் இதுவரை செய்த வேலை. லிண்டன் ஜான்சனை டெக்சஸுக்காகத்தான் எடுத்தார்கள் என்றாலும், செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக ஆறு ஆண்டு இருந்தவர் அவர். எந்த மசோதாவை யாரிடம் எப்படிப் பேசி நிறைவேற்றலாம் என்று கரைத்துக் குடித்தவர். கென்னடி இறந்தபின் 1964 சிவில் உரிமைச் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறியதில் அந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே 1965-ல் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் இல்லையென்றால் நம்மூர் டாக்டர்களும் இன்ஜினியர்களும் அத்தனை பேர் அங்கே போயிருக்க முடியாது. வியட்நாமுக்குப் பெரும்படையை அனுப்பியவரும் அவரேதான், அதை மறைக்க முடியாது. வெளியுறவில் அவர் எப்படி யோசிப்பார் என்று 1960-ல் யாராவது அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று குறிப்பு சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பெரிய நிர்வாகத்தை நடத்தியிருக்கிறார் அல்லது எந்தச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறார், நெருக்கடி வந்தபோது என்ன முடிவெடுத்தார், அதிபர் வேட்பாளரோடு கருத்து வேறுபட்டபோது அதை வெளியே சொன்னாரா. மாகாணமும் வயதும் அப்படியே இருக்கட்டும், இந்த மூன்றுக்குக் கீழே.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மன்னார்குடி