வகுப்பறையில் ஒலிப்பாடம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுக்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் மன்றத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆசிரியர் தின விழா, பணி ஓய்வு பெற்றோருக்கான பாராட்டு, உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றின் விவரம் உங்கள் கையிலுள்ள அச்சுத்தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பாடங்களைக் குரலில் பதிவு செய்து வகுப்பில் ஒலிக்கவிடும் ஒலிப்பாடப் பணியைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போயிற்று.

நம் ஒன்றியத்தில் ஈராசிரியர் பள்ளிகளே மிகுதி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அவர்களில் ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குச் சென்றால் அன்று ஐந்து வகுப்பும் மற்றவர் பொறுப்பு. பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் குறியீடு இருக்கிறது. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் திரையோ இணையமோ இல்லாத அறையில் அவை எட்டுவதில்லை. கைக்கு அடக்கமான ஒரு ஒலிபெருக்கியும் நினைவக அட்டையும் இருந்தால் ஒலிப்பாடம் எந்த வகுப்பிலும் ஒலிக்கும். மூன்றாம் வகுப்பு அதைக் கேட்டு எழுதும்போது ஆசிரியர் முதல் வகுப்புப் பிள்ளையின் கைபிடித்து எழுத்து பழக்கலாம்.

ஆயினும் ஒலிப்பதிவு தானாகப் பாடமாகிவிடாது. 1970களில் நிகரகுவா நாட்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வானொலி வழியே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்தினார்கள். அந்தப் பாடங்களில் குரல் ஒரு கணக்கைக் கேட்கும். பிறகு பேசாமல் இருக்கும். பிள்ளைகள் வாய்விட்டு விடை சொல்வார்கள். அதன்பின் வானொலி சரியான விடையைச் சொல்லும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ இன்னொன்றைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது. ஆகவே நம் பதிவுகள் ஒவ்வொன்றிலும் விடைக்கான இடைவெளியை நாம் எழுதியே வைக்கிறோம். பாடக் குறிப்பில் ‘இங்கே நிறுத்துக’ என்ற வரி இல்லாத பதிவை நம் குழு ஏற்பதில்லை.

பதிவுக்கூடம் எது என்று பலர் கேட்டீர்கள். ஒரு பள்ளியின் சத்துணவுப் பொருள் அறைதான். வகுப்பறையில் பேசினால் வெற்றுச் சுவரில் பட்டுக் குரல் திரும்பி வரும். அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் அந்த எதிரொலி அடங்கிவிடுகிறது. விசிறியை நிறுத்தி, கைப்பேசியை மூட்டையின் மேல் வைத்து, சனிக்கிழமைகளில் வியர்வையோடு பதிவு செய்த ஆசிரியைகளுக்கு இந்த மன்றம் கடமைப்பட்டிருக்கிறது.

கதைப் பதிவுக்காக ஊர்ப் பாட்டி ஒருவரை அழைத்து வந்தோம். கைப்பேசிக்கு எதிரே உட்கார்ந்தவருக்குக் கதை வரவில்லை. “உம் கொட்ட ஆளில்லாமல் எப்படிச் சொல்வது?” என்றார். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அருகில் உட்கார வைத்ததும் கதை பிறந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர் நிற்கிறார். சிறுமி ‘உம்’ என்கிறாள். கதை மேலே போகிறது. அந்தப் பதிவை எந்தப் பள்ளியில் ஒலிக்கவிட்டாலும் வகுப்பு முழுவதும் சேர்ந்து உம் கொட்டுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளிநாட்டு ஆய்வுகளில் படித்ததை நம் திண்ணைகள் எப்போதோ அறிந்திருந்தன என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

கேட்டு எழுதும் பாடங்கள் நன்றாகப் பயன்பட்டன. வலி, வளி, வழி, அரம், அறம், மனம், மணம் என்று குரல் நிதானமாகச் சொல்லும். ஒரு வகுப்பில் ‘பறவை’ என்ற சொல்லுக்கு ஒரு பிள்ளை ‘பரவை’ என்று எழுதினாள். ஆசிரியை உடனே பதிவை நிறுத்தினார். இரண்டையும் எல்லோரையும் சொல்ல வைத்தார். பரவை என்றால் கடல் என்று விளக்கிவிட்டே மேலே போனார். பதிவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர் ஆசிரியர் ஒருவரே.

இதனால்தான் ஒரு செய்தி என்னை வருத்துகிறது. சில இடங்களில் ஒலிப்பாடத்தை ஓடவிட்டு, அந்த நேரத்தில் ஆசிரியரை எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றவும் பதிவேடுகளை எழுதவும் உட்கார வைக்கிறார்கள். ஆசிரியர்களை நான் குறை கூறவில்லை. அந்த வேலைகள் அவர்கள் மேல் சுமத்தப்படுகின்றன. ஆனால் நாம் பாடுபட்டுச் செய்த பதிவு ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது. ஒலிப்பாடம் நடக்கும்போது ஆசிரியர் வகுப்பில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும், காலிப் பணியிடத்துக்கு அது ஈடாகாது என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்காகப் பாடத்தின் முழு எழுத்து வடிவமும் ஒவ்வொரு பதிவோடும் தரப்படுகிறது. அதை அவர்கள் கையில் கொடுத்து, முன் வரிசையில் அமர்த்துங்கள். பார்வைத்திறன் குறைந்த மாணவர்கள் பதிவுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதியுங்கள். பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்யும் முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு கட்டாயம். பெயரைப் பதிவில் சொல்ல வேண்டாம்.

ஆங்கிலப் பாடங்கள் இன்னும் வேகமாகவே இருக்கின்றன. வரும் ஆண்டில் அவற்றை மெதுவாக மறுபதிவு செய்யவும், நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்குகளைத் தொடங்கவும் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. குரல் தர விரும்புவோர் தங்கள் குறுவள மையப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்கலாம். நினைவக அட்டை கொண்டு வந்தவர்கள் மதிய உணவுக்கு முன் பின்வரிசை மேசையில் ஒப்படைத்தால், கூட்டம் முடிவதற்குள் எல்லாப் பாடங்களும் எழுத்து வடிவத் தாள்களும் தரப்படும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்