தெருவில் போட்டு, அறைக்குள் கழற்றும் முகக்கவசம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். கொரோனா பரவும் காலம் என்பதால் பள்ளியில் முகக்கவசம் போடச் சொல்லியிருக்கிறோம். காலையில் கேட்டில் நிற்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கும் வாயும் மூடித்தான் இருக்கிறது. முதல் பாடவேளை முடிவதற்குள் பாதிப் பேருக்கு முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிடுகிறது. இது சேட்டையால் நடப்பதில்லை. ஆசிரியர் கேள்வி கேட்டதும், தன் குரல் கேட்காதோ என்று பிள்ளை அதை இறக்கிவிட்டுப் பதில் சொல்கிறது. பேசும்போதுதான் எச்சில் துளி அதிகம் தெறிக்கும். அந்த நேரம் பார்த்துக் கழற்றுவது, மழை பிடித்ததும் குடையை மடக்குவதுதான்.

பிள்ளைகள் இதைப் பெரியவர்களிடம் பார்த்தே பழகுகிறார்கள். ஆளில்லாத தெருவில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நடப்போம். பக்கத்து வீட்டுக்குள் நுழைந்ததும், தெரிந்தவர்கள்தானே என்று கழற்றிக் கையில் வைத்துக்கொள்வோம். உண்மையில் காற்றோட்டமான வெளியிடத்தில் ஆபத்து குறைவு. ஜன்னல் சாத்திய அறையில் நெருங்கி உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவதில்தான் அதிகம். "அவருக்குத்தான் இருமலே இல்லையே" என்பதும் செல்லாது. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே கொரோனா அடுத்தவருக்குத் தொற்றும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் காணும் குறை இதுதான். பெரியவர்களின் சர்ஜிக்கல் மாஸ்க்கைப் பிள்ளைக்கு மாட்டினால் கன்னத்தின் இருபுறமும் வாய் பிளந்து நிற்கும். மூச்சு துணி வழியாகப் போகாமல் அந்த இடைவெளி வழியாகப் போகும். குழந்தை அளவு கிடைக்காவிட்டால், முகக்கவசத்தை நீளவாக்கில் பாதியாக மடித்து, காதில் மாட்டும் எலாஸ்டிக்கை ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு விரித்து, பக்கவாட்டில் துருத்தும் மடிப்பை உள்ளே செருகிவிடுங்கள். நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மேலே, மடிப்புகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கம்பியை இரண்டு கை விரல்களாலும் மூக்கின் மேல் அழுத்திப் படியவையுங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாகி இருபுறமும் இடைவெளி விழும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, பலமாக ஊதச் சொல்லுங்கள். கண்ணில் காற்றுப் பட்டாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ மேற்பக்கம் கசிகிறது என்று அர்த்தம்.

துணிக் கவசம் என்றால் மூன்று அடுக்கு வேண்டும்: உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பருத்தி, வெளியே ஈரம் எளிதில் ஊறாத துணி, நடுவில் வடிகட்டும் அடுக்கு. தினமும் சோப்புப் போட்டு, முடிந்தால் வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி மாட்டுங்கள். அரைகுறையாகக் காய்ந்தது மூச்சை அடைக்கும். பிள்ளை ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடும். சர்ஜிக்கல் மாஸ்க்கையும் என்95-ஐயும் துவைக்கக் கூடாது. அவற்றின் வடிகட்டும் அடுக்கில் உள்ள மின்னேற்றம்தான் நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கெடுத்துவிடும். சில பிள்ளைகள் முகக்கவசத்தின் மேலேயே சானிடைசர் அடித்துக்கொள்கிறார்கள். அதை வீட்டில் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பையில் மாற்று முகக்கவசம் இரண்டு, ஒரு காகித உறை, அழுக்கானதைப் போட மூடியுள்ள ஒரு பை இருக்கட்டும். சாப்பிடும்போது எலாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்றி உறைக்குள் வைக்க வேண்டும். பெஞ்சில் வைக்கக் கூடாது, சட்டைப் பையில் கசக்கவும் கூடாது. கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும் 20 விநாடி கை கழுவ வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசம் இல்லாமல் இருப்பது சாப்பாட்டு வேளையில்தான் என்பதால், இடைவெளி விட்டு உட்கார வைக்கிறோம். கதையெல்லாம் முகக்கவசம் மாட்டிய பிறகு. ஓடி விளையாடும்போது போட வேண்டாம். வியர்வையில் நனைந்தால் மூச்சுவிடச் சிரமம். கார்ட்டூன் போட்ட முகக்கவசங்களைப் பிள்ளைகள் மாற்றிக்கொள்வது பென்சில் மாற்றிக்கொள்வதைப் போல சகஜமாகிவிட்டது. வெளிப்பக்க ஓரத்தில் பெயரின் முதல் எழுத்தைத் தைத்துவிடுங்கள்.

இனி அக்கம்பக்கத்துப் பேச்சு. போட்டிருப்பவரைப் "பயந்தாங்கொள்ளி" என்பதும், போடாதவரை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுவதும், தொற்று வந்த வீட்டைக் கடக்கும்போது பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவதும் அப்படியே வகுப்பறைக்கு வந்து சேர்கின்றன. குணமாகித் திரும்பிய பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்தால், அடுத்த பிள்ளையின் வீட்டில் காய்ச்சலை மறைத்துத்தான் அனுப்புவார்கள். எங்களுக்கு அதுதான் பெரிய பயம். காய்ச்சல் என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் நிறுத்தும் குடும்பத்துக்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும்.

முகக்கவசம் இல்லாத பிள்ளையைக் கண்டதும் குறை சொல்ல வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் தந்த அறிவுரைப்படி 5 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குக் கட்டாயமில்லை. 6 முதல் 11 வரை சூழலைப் பொறுத்தது. 12 வயதிலிருந்து பெரியவர்களைப் போலவே. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் கட்டாயப்படுத்தக் கூடாது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஆசிரியர் சற்றுத் தள்ளி நின்று, வாய் தெரியும்படி நடுவில் ஒளிபுகும் தாள் வைத்த முகக்கவசம் அணிந்து பாடம் எடுப்பார்.

உங்கள் பிள்ளைக்கு மூச்சுத் தொல்லையோ தோல் ஒவ்வாமையோ இருந்தால், வகுப்பாசிரியரிடம் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்